அக்காவுக்கு சைடு வீல் ஸ்கூட்டர்: பாம்பன் காற்றுக்கு எது சரி?

வணக்கம். தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே வலது காலில் போலியோ. இப்போது மண்டபத்தில் வேலை, தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டும். 125 சிசி ஸ்கூட்டரில் சைடு வீல் (பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் கூடுதல் சக்கரம்) போடலாம் என்று இருக்கிறோம்.

பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றுதான் அக்காவுக்குப் பயம். சைடு வீல் போட்ட வண்டி வளைவில் சாயாது, வேகத்தைக் குறைத்து ஹேண்டிலைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். சக்கரங்களை அகலமாக வைத்தால் காற்றில் ஆட்டம் குறையுமா? இரண்டு பக்கமும் தனி ஷாக் அப்சார்பர் உள்ள சைடு வீல் வண்டியை ஓட்டியவர்கள் அவசியம் சொல்லுங்கள்.

முதுகுச் சாய்மானமும், ஊன்றுகோல் மாட்ட இடமும் கட்டாயம் வேண்டும். அப்புறம், உப்புக்காற்றில் எளிதில் துருப்பிடிக்காதபடி கால்வனைஸ் செய்த சட்டம் போட்டு, ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதியவும் உதவும் நல்ல பட்டறை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ இருக்கிறதா?