மிட்ஷிப்மேன் டர்க்: கையில் எடுத்ததும் எங்கே பார்ப்பது?

மிட்ஷிப்மேன் என்னும் இளம் பயிற்சி அதிகாரிகள் இடுப்பில் அணியும் குறுவாள்தான் டர்க். பிரிட்டிஷ் கடற்படை டர்க் என்று ஏலத்துக்கு வருபவற்றில் 1891 மாதிரிதான் அதிகம். ஏறத்தாழ 17½ அங்குல அலகு, பிடியின் முனையில் சிங்கத்தலைக் குமிழ், வெள்ளைத் திருக்கைத்தோல் பிடி, கருப்புத் தோல் உறை. முதலில் பிடிப்பகுதியில் உள்ள கிரீடச் சின்னத்தைப் பாருங்கள். வளைவுகள் மேலே உருண்டு குவிந்திருந்தால் 1901 முதல் 1952 வரை, அல்லது 2022-க்குப் பின். நடுவில் அமுங்கியிருந்தால் விக்டோரியா காலம், அல்லது 1953 முதல் 2022 வரை. அலகில் உள்ள, அரசர் பெயரின் முதலெழுத்துச் சின்னமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். ஐந்தாம் ஜார்ஜின் எழுத்து அலகில், அமுங்கிய கிரீடம் பிடியில் என்றால் இரண்டு டர்க்கின் உறுப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள். கடைப்பெயரும் காட்டிக்கொடுக்கும். கீவ்ஸ் என்னும் சீருடைக் கடை, ஹாக்ஸ் என்னும் இன்னொரு கடையை வாங்கியது 1974-இல். 'கீவ்ஸ் & ஹாக்ஸ்' என்று பொறித்த அலகை முதல் உலகப்போர்க் காலத்தது என்பவரிடம் பேரமே பேச வேண்டாம்.

*

மேலே சொன்னது பிற்கால டர்க்குக்குச் சரி. 1856-க்கு முன் டர்க்குக்கு விதிமுறை மாதிரியே கிடையாது; அவரவர் வசதிக்குச் செய்துகொண்டது. நேரலகும் உண்டு, வளைந்ததும் உண்டு. அங்கே அலகின் நீலமும் பொன்முலாமும்தான் சாட்சி. எஃகை 300 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் படியும் மெல்லிய ஆக்சைடுதான் அந்த நீலம். துரு முதலில் தின்பது அதைத்தான். லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி) வைத்துத் துருக்குழிகளின் அடியைப் பாருங்கள். அங்கே பழுப்போ கருப்போ இருக்க வேண்டும். குழிக்குள்ளும் நீலம் என்றால் பின்னாளில் ஏற்றியது, பாதி விலைகூட அதிகம்.

*

தந்தப் பிடிக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் கன அளவில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் பதிவுசெய்து விற்கலாம். டர்க் சிறிய பொருள். முழுத் தந்தப்பிடி அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். எலும்பென்றால் இந்தத் தொல்லை இல்லை. நுண்ணிய கருப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் தெரிந்தால் எலும்பு. தந்தத்தின் குறுக்குவலைக் கோடுகள் வெட்டுமுகத்தில்தான் தெரியும், அதைக் குமிழ் மூடியிருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், வடு நிற்கும்.

*

பராமரிப்புக்கு: பித்தளை பாலிஷ் போட்டால் பொன்முலாம் உரிந்துவிடும், மெல்லிய துணி போதும். துருவுக்கு 0000 (மிக நுண்ணிய) எஃகுப் பஞ்சும் எண்ணெயும், நீலம் இருக்கும் பகுதியைத் தொடாமல். பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (ஈரம் படாமல் காக்கும் மெழுகு). அலகைத் தோலுறைக்குள் வைக்காதீர்கள். பதனிட்ட தோலின் அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் எஃகை அரிக்கும். பழைய தோல் சுருங்குவதால் உறையின் வாயில் உள்ள உலோகப் பூணுக்குக் கீழே இடைவெளி விழும். அந்த நிலையில் அலகை அழுத்திச் செருகினால் பின்புறத் தையல் பிரியும்.