பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். குடி, கஞ்சாவிலிருந்து மீண்டுவரும் 18 முதல் 25 வயது இளைஞர்களின் மனநலம் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்விப் படிவத்தைப் பயன்படுத்துகிறேன். கடந்த 2 வாரம் மனம் எப்படி இருந்தது என்று கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். தூங்கி எழும்போது புத்துணர்ச்சியாக இருந்ததா என்பது அதில் ஒரு கேள்வி. இதைக் கேட்டதும், வலைக்கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த மீனவத் தம்பி ஒருவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ராத்திரி பூரா கடல்ல கிடக்கோம். எந்தத் தூக்கத்தைக் கேக்குறீங்கக்கா?" என்றான். அவன் குடியை விட்டு எட்டு மாதம். கடலுக்குப் போகும் நாளில் பயமில்லையாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் பயம். கையில் வேலை இருக்காது, பழைய கூட்டாளிகள் எல்லாரும் கரையில் இருப்பார்கள்.

கடல்தொழில் தெரிந்த யாராவது, பொருள் மாறாமல் இந்தக் கேள்விகளை ஊர்ப்பேச்சில் எழுதித் தருவீர்களா? ஒரு மணி நேரம் போதும். அப்புறம், மீண்டு வந்தவர்கள் பேச விரும்பினால் தனிச்செய்தி அனுப்புங்கள். பெயர் எங்கும் வராது. தயவுசெய்து இங்கே யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டாம்.

இப்போது தவித்துக்கொண்டிருப்பவர்கள் என் ஆய்வுக்காகக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, நடுராத்திரியிலும் பேசலாம்.