30 அடி பாய்மரப் படகு: இறக்குவதும் மரம் நிறுத்துவதும்

உப்பனாறு:
புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துல புது ஃபைபர் பாய்மரப் படகை கிரேன்ல இறக்கணும். 30 அடி, 4 டன். மேல்தளத்துல நிக்கிற அலுமினிய மரம் (பாயைத் தாங்குற கம்பம்). எதை முதல்ல கவனிக்கணும் அண்ணே?

கரைவலை:
தம்பி, கிரேன் படகைத் தூக்குற பெல்ட் ரெண்டும் எங்க உட்காருதுன்னு பாருங்க. பின்பெல்ட் புரொப்பல்லர் தண்டுல விழுந்தா தண்டு வளைஞ்சிடும். ரெண்டு பெல்ட்டையும் கயிறால சேர்த்துக் கட்டுங்க, இல்லேன்னா வழுக்கி விலகும். அடிப்பாகம் நனைஞ்சதும் அவிழ்க்காதீங்க. பெல்ட்டிலேயே 15 நிமிஷம் வச்சு, கடல்நீர் வால்வு ஒவ்வொண்ணையும், தண்டு வெளியேறுற இடத்தையும் டார்ச் அடிச்சு, கையால தடவிப் பாருங்க. கசிஞ்சா உடனே தூக்கிடலாம்.

வாடைக்காத்து:
மரம் நிறுத்தும்போது தூக்குற பெல்ட் எடைமையத்துக்கு மேல இருக்கணும், கீழே இருந்தா தலைகீழாப் புரளும். உச்சி விளக்கு, ஆன்டெனா வயர், பாய் ஏத்துற கயிறு எல்லாத்தையும் தரையிலேயே சோதிச்சிடுங்க. மரத்தை இழுத்துப் பிடிக்கிற முன்கம்பி, பின்கம்பி, பக்கக் கம்பிகள் மாட்டின பிறகுதான் கிரேன் கொக்கியை விடணும்.

டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்குற திருகு) மரைக்கு கிரீஸ் கட்டாயம். ஸ்டெயின்லெஸ் மரையை உலர்வா இறுக்கினா கடிச்சுக்கும், அப்புறம் அறுத்துதான் எடுக்கணும். திருகு கழலாம தடுக்கிற காட்டர் பின் போட்டு முனையை டேப்பால மூடுங்க, பாய் கிழியாது. புதுக் கம்பி கொஞ்சம் நீளும். ரெண்டு மூணு ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்குங்க.

கரைவலை:
இன்னொண்ணு, அரியாங்குப்பம் முகத்துவாரத்துல மணல் சேரும். கீல் (படகுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற பாகம்) ஆழத்தைக் கணக்குப் பண்ணி, ஈயக்குண்டுக் கயிறால அளந்துட்டு, கடல் நீர் ஏற்றத்துல வெளியே போங்க.