காரில் தண்ணீர் லீக், சனிக்கிழமை வெளியூர் போக வேண்டும், உதவி தேவை

குரோம்பேட்டை கார்த்தி | புதன், காலை 7:40
எல்லோருக்கும் வணக்கம். காரில் தண்ணீர் லீக் ஆகிறது. நேற்று ராத்திரிதான் பார்த்தேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, டேஷ்போர்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், இருபதாயிரம் வரை ஆகலாம் என்கிறார்கள். சனிக்கிழமை திருவண்ணாமலை போகிறோம், அம்மாவும் வருகிறார்கள். வண்டியை எடுக்கலாமா, கூடாதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்டெப்னி | காலை 7:52
என்ன கார்? எந்த வருஷம்? பெட்ரோலா, டீசலா? தண்ணீர் எங்கே லீக்?

பெரம்பூர் பாபு | காலை 7:58
பயப்படவே வேண்டாம் பாஸ். ஏசி ஓடினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும். மே மாதத்தில் சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

கியர்பாக்ஸ் கிருஷ்ணன் | காலை 8:15
மாடல் இல்லை, வருஷம் இல்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று இல்லை, படம் இல்லை. ஜோசியரிடம் போனால்கூட நட்சத்திரம் கேட்பார். இங்கே இருப்பவர்கள் எல்லாம் ஞானதிருஷ்டியில் பார்த்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா? மேலே ஒட்டி வைத்திருக்கும் விதிமுறைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

குரோம்பேட்டை கார்த்தி | காலை 9:30
மன்னிக்கவும் சார், ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் போட்டேன். 2017 பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயரைச் சொன்னால் இங்கே சண்டை தொடங்கிவிடும், அதனால் சொல்லவில்லை. லீக் வண்டிக்கு அடியில் இல்லை, உள்ளே. முன்பக்கம் இடது சீட்டில் கால் வைக்கும் இடம். மேட்டைத் தூக்கினால் அடியில் கார்ப்பெட் சதசதவென்று இருக்கிறது. மனைவிக்குச் செருப்பே நனைந்துவிட்டது.

மாதவரம் மணி | காலை 9:41
செகண்ட் ஹேண்டா? அப்படியானால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த பிறகு எத்தனையோ வண்டிகள் பாலிஷ் போட்டு வெளியே வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருண்டிருக்கும் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும், அதை யாரும் துடைப்பதில்லை. சீட் நகரும் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா பாருங்கள்.

குரோம்பேட்டை கார்த்தி | காலை 9:50
என் மாமா ஷோரூமில் எடுத்த வண்டி சார். அவரிடமிருந்து நான் வாங்கினேன். 2023-ல் வண்டி கோயம்புத்தூரில் இருந்தது.

மாதவரம் மணி | காலை 9:53
மாமாவாகவே இருக்கட்டும், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

வில்லிவாக்கம் வாசுகி | காலை 10:20
சன்ரூஃப் உண்டா? சமீபத்தில் முன் கண்ணாடி மாற்றினீர்களா? கதவில் ஸ்பீக்கர் ஏதாவது மாட்டினீர்களா? ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிடுவார்கள், தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும்.
இன்னொன்று, வண்டியை மரத்தடியில் விடுகிறீர்களா? வைப்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதற்குள் இலையும் பூவும் சேர்ந்து வடிகால் ஓட்டையை அடைத்துவிடும். அப்புறம் மேலே விழுகிற தண்ணீர் ப்ளோயர் வழியாகக் காருக்குள் இறங்கும். எங்கள் வண்டியில் அள்ளியபோது ஒரு முறம் நிறைய வேப்பிலை வந்தது.

கியர்பாக்ஸ் கிருஷ்ணன் | காலை 10:34
கத்திரி வெயிலில் மழைத் தண்ணீரா? காலண்டரைப் பாருங்கள் மேடம். இது ஹீட்டர் கோர், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடுகிற ஹீட்டர் பாகம். சந்தேகமே இல்லை. ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி, டேஷ்போர்டு இறங்கத்தான் வேண்டும்.

வில்லிவாக்கம் வாசுகி | காலை 10:40
மழை என்று நான் எங்கே சொன்னேன்? அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் வண்டி துடைக்கும் அண்ணன் கண்ணாடி மேல் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுகிறாரே, அது எங்கே போகும்?

ரேடியேட்டர் ரவி | காலை 11:05
ஹீட்டர் கோரா, ஏசி தண்ணீரா என்று கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு. விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். இனித்தால் கூலன்ட். எங்கள் மேஸ்திரி அப்படித்தான் பார்ப்பார்.

அம்பத்தூர் அனிதா | காலை 11:09
தயவுசெய்து யாரும் நாக்கில் வைக்காதீர்கள்! கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், ஆனால் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பாக இருப்பதால் நாய், பூனைகூட நக்கிவிட்டுச் செத்துப்போகும். வெள்ளை டிஷ்யூ பேப்பரை கார்ப்பெட்டில் வைத்து அழுத்தி எடுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறம் ஏறி, விரலில் பிசுபிசுத்தால் கூலன்ட். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி. மண் கலந்திருந்தால் வாசுகி சொல்கிற வழி. எஞ்சின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

குரோம்பேட்டை கார்த்தி | மதியம் 1:15
டிஷ்யூ வைத்தேன், நிறம் இல்லை. வாடையும் பெரிதாக இல்லை, லேசாக ஈரத்துணி நாற்றம். கூலன்ட் டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. சன்ரூஃப் இல்லை, ஸ்பீக்கர் மாட்டவில்லை. வண்டி துடைக்க ஆள் வருகிறார்.

இன்வெர்ட்டர் இளங்கோ | மதியம் 1:31
அப்படியானால் ஏசி தண்ணீர்தான். வீணாக்காதீர்கள், அது டிஸ்டில்டு வாட்டருக்குச் சமம். எங்கள் வீட்டு ஏசி குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்துப் பிடித்துத்தான் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோம். காசு மிச்சம்.

ஸ்டெப்னி | மதியம் 1:38
பேட்டரிக்கா? சீக்கிரமே புது பேட்டரி வாங்கப் போகிறீர்கள்.

இன்வெர்ட்டர் இளங்கோ | மதியம் 1:44
ஆவி குளிர்ந்து வருகிற தண்ணீரில் உப்பு எங்கிருந்து வரும்? டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தேன், வெறும் 20தான். நம் போர் தண்ணீருக்கு மீட்டர் நாலு இலக்கம் காட்டுகிறது.

ஸ்டெப்னி | மதியம் 1:57
போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் எல்லாமே சுத்தம்தான். ஏசி காயில் முழுக்க தாமிரமும் அலுமினியமும் தூசியும். அதன் மேல் வழிந்து வருகிற தண்ணீர் அதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு வரும். தாமிரமும் இரும்பும் துளி போனால்கூட லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜை இழக்கும். பேட்டரி விலை பத்தாயிரத்துக்கு மேல், டிஸ்டில்டு வாட்டர் கேன் விலை என்ன? செடிக்கு ஊற்றுங்கள், வீடு துடையுங்கள், யார் வேண்டாம் என்றது?

வில்லிவாக்கம் வாசுகி | மதியம் 2:10
பேட்டரி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் ஏசி தண்ணீரைப் பிடித்து வைப்பதைக் கிண்டல் செய்யாதீர்கள். 2019-ல் ஏரியெல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து எங்கள் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் பாத்ரூம் கழுவ ஏசி தண்ணீர்தான். அப்போதும் எங்கள் தெருவில் ஒருவர் ஹோஸ் பிடித்துக் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

பெரம்பூர் பாபு | மதியம் 2:16
அவர் லாரித் தண்ணீர் காசு கொடுத்து வாங்கியிருப்பார். அவர் கார், அவர் தண்ணீர்.

வில்லிவாக்கம் வாசுகி | மதியம் 2:18
லாரிக்குத் தண்ணீர் ஆகாயத்திலிருந்து வருகிறதா? ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்துதானே?

அம்பத்தூர் அனிதா | மதியம் 2:25
கார்த்தியின் கார்ப்பெட் இன்னும் காயவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

பட்டறைப் பையன் | மாலை 6:05
அப்பா புதுப்பேட்டையில் கார் ஏசி வேலைதான் செய்கிறார், நானும் சின்ன வயதிலிருந்து கூட நிற்கிறேன். கார்த்தி அண்ணா, டேஷ்போர்டில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போல, காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் காயில் மேல் தண்ணீராகப் படியும். நம் ஊர் கடற்காற்றுக்கு ஈரம் ஜாஸ்தி. பல்லாவரத்தில் ஏறி ரேடியல் ரோடு நெரிசலில் துரைப்பாக்கம் போய்ச் சேருவதற்குள் ஒரு பாட்டில் தண்ணீர்கூட இறங்கும். அது கீழே ஒரு தட்டில் விழுந்து, விரல் தடிமன் ரப்பர் குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி வழிந்து, பெரும்பாலான வண்டிகளில் இடது பக்கக் கால் மேட்டில்தான் இறங்கும். பிரேக் போடும்போது டேஷ்போர்டுக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்கிறதா?

சோதனை இதுதான். வண்டியைத் திறந்த வெளியில், காய்ந்த தரையில் நிறுத்துங்கள். மூடிய கார் பார்க்கிங்கில் வேண்டாம், புகை ஆகாது. ஏசியை முழுக் குளிரில், வெளிக்காற்று வரும் நிலையில் வைத்து ஒரு இருபது நிமிஷம் ஓட விடுங்கள். அடியில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். தரை காய்ந்தே இருந்து உள்ளே மட்டும் நனைந்தால் குழாய் அடைப்பு. வேறு எதுவும் தேட வேண்டாம்.

அந்தக் குழாயின் வெளிமுனை எஞ்சின் பக்கத்துத் தகட்டில் வளைந்து நிற்கும். சில வண்டிகளில் பானெட்டைத் திறந்தாலே கை எட்டும், சிலவற்றில் ராம்ப்பில் ஏற்றினால்தான் கண்ணுக்கே தெரியும். ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் நுழையாதீர்கள். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு மெதுவாக ஆட்டினால் போதும். கம்பி விடக்கூடாது. காயில் அலுமினியம், ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், அப்போது நிஜமாகவே டேஷ்போர்டு இறங்கும். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் தப்பு, உள்ளே மூட்டு கழன்றுவிடும். அடைப்பு விடும்போது முகத்தை நேர் கீழே வைக்காதீர்கள், தேங்கின தண்ணீர் மொத்தமாகக் கொட்டும்.

வண்டி சமீபத்தில் ரொம்ப நாள் ஓடாமல் நின்றதா?

கியர்பாக்ஸ் கிருஷ்ணன் | மாலை 6:40
சொல்வதெல்லாம் சரி, ஆனால் கண்ணாடியில் உள்பக்கம் பனி படர்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. படர்ந்தால் ஹீட்டர் கோர்தான். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

பட்டறைப் பையன் | மாலை 6:52
கார்ப்பெட்டில் ஒரு பக்கெட் தண்ணீர் நின்றாலும் கண்ணாடியில் பனி படரும் சார். ஹீட்டர் கோர் என்றால் எண்ணெய்ப் பசையாகப் படரும், துடைத்தால் திட்டுத் திட்டாக இழுக்கும். கூலன்ட்டும் குறையும். அவருக்குக் குறையவில்லையே.

குரோம்பேட்டை கார்த்தி | இரவு 10:12
சளக் சத்தம் கேட்கிறது! ஏதோ பாட்டில் உருளுகிறது என்று நினைத்திருந்தோம். வண்டி ஏப்ரல் முழுக்க நின்றது, பிள்ளைகளுக்கு லீவு என்று ஊருக்குப் போயிருந்தோம். அதை ஏன் கேட்கிறீர்கள்?

பட்டறைப் பையன் | இரவு 10:20
பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தெரியும்.

மாதவரம் மணி | வியாழன், காலை 8:05
சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தீர்களா?

இன்வெர்ட்டர் இளங்கோ | வியாழன், மதியம் 12:30
கார்த்தி வந்தாரா? அப்புறம் ஸ்டெப்னி சாருக்கு: என் பேட்டரி நாலாவது வருஷம் ஓடுகிறது.

ஸ்டெப்னி | வியாழன், மதியம் 12:41
நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் ஆறாவது வருஷமும் ஓடும்.

குரோம்பேட்டை கார்த்தி | வெள்ளி, இரவு 9:05
சரியாகிவிட்டது. அடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை, அதனால் வேறு கடையில் ராம்ப்பில் ஏற்றினோம். குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நெகிழ்த்திவிட்டதும் கறுப்பாகத் தண்ணீர், ஒரு சொம்புக்கு மேல். முந்நூறு ரூபாய் வாங்கினார்கள். எல்லோருக்கும் நன்றி, காலையில் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

கியர்பாக்ஸ் கிருஷ்ணன் | வெள்ளி, இரவு 9:30
நான் புதன்கிழமையே ஏசி அல்லது ஹீட்டர் கோர் என்றுதான் குறிப்பிட்டிருந்தேன்.

வில்லிவாக்கம் வாசுகி | வெள்ளி, இரவு 9:33
காலண்டரை நீங்களும் ஒருமுறை பாருங்கள் சார். புதன்கிழமை 10:34.

அம்பத்தூர் அனிதா | வெள்ளி, இரவு 9:48
கார்த்தி, கிளம்பும் முன் இதைப் படித்தால் நல்லது. மேல் கார்ப்பெட் காய்ந்தது போல் தெரிந்தாலும் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். திரும்பி வந்ததும் ஓரத்தைத் தூக்கி, செய்தித்தாளைத் திணித்து, வெயிலில் கதவைத் திறந்து போடுங்கள். அப்படியே விட்டால் நாற்றம் போகாது, தரைத் தகடும் துருப்பிடிக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் இருந்தால் கழற்ற வேண்டாம், அது ஏர்பேக்குக்குப் போகிறது.

பட்டறைப் பையன் | வெள்ளி, இரவு 10:02
குளவி என்று நினைத்துத்தான் வண்டி நின்றதா என்று கேட்டேன் அண்ணா. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரையும் ஒருமுறை உருவிப் பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டியை நிறுத்துவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓட விட்டால் காயில் காயும், ஈரத்துணி நாற்றம் குறையும்.

இன்வெர்ட்டர் இளங்கோ | வெள்ளி, இரவு 10:15
கார் தண்ணீர் கறுப்பு, சரி, விடுங்கள். வீட்டு ஏசி தண்ணீரை காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி ஊற்றினால்?

ஸ்டெப்னி | வெள்ளி, இரவு 10:17
கரைந்திருக்கும் தாமிரம் பேப்பரில் நிற்காது சார்.