சுகாதாரப் பணம்: வட்டாரங்களுக்குச் சமமாகவா, தேவை பார்த்தா?

கரையோரத்தான்:
எங்கள் பிரதேச சபை சுகாதாரத்துக்கும் கழிவகற்றலுக்கும் ஒதுக்கிய பணத்தை எல்லா வட்டாரங்களுக்கும் சமமாகப் பங்கிடப் போகிறதாம். உறுப்பினர் எவரும் கோபிக்கக் கூடாது என்பதைத் தவிர இதில் வேறு திட்டம் எதுவும் தெரியவில்லை. பிரதான வீதியோரம் வீட்டுக்கு வீடு மலசலகூடம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒன்று. மாரி தொடங்கினால் குழி நிரம்பி, மூடுகல்லைச் சுற்றிக் கசியும். பத்து எட்டு வைத்தால் கிணறு. அடியில் சுண்ணாம்புக்கல்; மேலே விட்டது கீழே இறங்காமல் எங்கே போகும்? மலக்கழிவு பவுசர் ஒழுங்கைக்குள் திரும்பாது, அதன் குழாயும் எட்டாது.

வரிகட்டி:
சோலைவரியை, அதாவது வீடு வளவுக்கான சபை வரியை, ஒழுங்காகக் கட்டும் வட்டாரம் எது என்று சபைக் கணக்கில் பாருங்கள், பிறகு பேசலாம். தேவையை யார் அளப்பது? உறுப்பினர் அளந்தால், அவருக்கு வாக்கு விழுந்த ஒழுங்கைக்குத்தான் தேவை பொங்கி வழியும். சமபங்கில் குறை இருக்கலாம், தில்லுமுல்லு குறைவு.

முன்னாள் பரிசோதகர்:
தம்பிமாரே, இருவரும் சபையை மட்டுமே பார்க்கிறீர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையின் பொறுப்பில் வைத்தது உண்மை. ஆனால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மாகாணத்தின் கீழ்; யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. நோய் எங்கே என்ற பதிவு ஒரு கந்தோரில், வடிகால் வெட்டும் பணம் இன்னொரு கந்தோரில்.

அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் என்று வைத்தியசாலையிலிருந்து அறிவித்தல் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப்போய் விசாரித்து எழுத வேண்டும். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களைக் காவுகொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பதிவுகளைக் கிராம சேவையாளர் பிரிவு வாரியாகக் கூட்டிச் சபையில் வையுங்கள்.

நெடுந்தீவாள்:
ஐயா, அந்தப் பதிவேடு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தவர்களைத்தானே எண்ணுகிறது? இங்கே நெடுந்தீவில் காற்று எழும்பினால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு ஓடாது. காய்ச்சல்காரர் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். பதிவில் பூச்சியம். உங்கள் அளவுகோலின்படி நாங்கள் நோயே அண்டாத ஊர்.

வரிகட்டி:
இதைத்தான் சொன்னேன். ஓர் அளவுகோல் வந்தவுடனேயே அதற்கு ஓட்டை விழுந்துவிட்டது.

கரையோரத்தான்:
ஓட்டை விழுந்தால் அடைக்க வேண்டியதுதான். நோயாளியை மட்டும் எண்ணாமல் நோய் வரும் வழியையும் எண்ணலாம். மலசலகூடம் இல்லாத வீடு, குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம், பவுசர் நுழையாத ஒழுங்கை, வைத்தியரிடம் போய்ச் சேர எடுக்கும் நேரம். இவற்றில் எதையும் உறுப்பினர் மறைக்க முடியாது. நேரில் வந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

முன்னாள் பரிசோதகர்:
தங்கச்சி சொன்னது நியாயம். தூரத்தையும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் பரிசோதகர் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ்; அந்தக் கணக்கெடுப்புக்கு அவரை அனுப்புமாறு தவிசாளர் உத்தரவிட முடியாது, கேட்கத்தான் முடியும். கேட்ட தவிசாளர்களையும் கண்டிருக்கிறேன், கடிதம் எழுதவே கௌரவம் பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

வரிகட்டி:
அந்தப் பட்டியலை ஒழுங்கை வாரியாகச் சபை வாசலில் ஒட்டட்டும். ஒட்டினால் பாதிப் பணத்துக்குச் சம்மதம். மற்றப் பாதி வட்டாரங்களுக்குச் சமமாகத்தான் போக வேண்டும். மாரியில் எங்கள் வீதியிலும் முழங்கால் வெள்ளம் நிற்கிறது.

கரையோரத்தான்:
பாதி போதாது. முக்கால் பங்கு.

வரிகட்டி:
பாதிதான். முதலில் பட்டியல் வரட்டும்.