வெயில் காலத் திருமணத்திற்கு என்ன உடுத்திச் செல்வது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நம் மலேசியாவில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லாவிட்டாலும், தை, மாசி மாதங்களில் பினாங்கில் மழை குறைந்து, காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று உறைப்பதை இங்கு வாழ்கிறவர்கள் அறிவார்கள். சென்ற ஆண்டு மாசியில், தோழியின் தங்கை திருமணத்திற்காக ஜார்ஜ்டவுனில் ஒரு கோயில் மண்டபத்திற்குச் சென்றபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அன்று நான் உடுத்தியிருந்தது கரும்பச்சைச் சேலை; பட்டு என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். மண்டபத்தில் குளிர்சாதனம் இல்லை. ஓமம் வளர்ப்பதற்காக மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டார்கள். பெண் வீட்டாருக்கு வேண்டியவள் என்பதால் என்னை முன்வரிசையில், ஓமகுண்டத்துக்கு அருகிலேயே உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்தில் உள்பாவாடை காலோடு ஒட்டிக்கொண்டது. ரவிக்கையின் உள்துணி முதுகில் ஈரத்தாள் போலப் படிந்தது. கெட்டிமேளம் முழங்கி எல்லாரும் அட்சதையோடு எழுந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் என்னைப் பிடித்து உட்கார வைத்து, முந்தானையை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது பட்டு இல்லம்மா. வீட்டுக்குப் போயி ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பாரு" என்றார். தாலி கட்டியதை நான் பார்க்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

அன்றிரவு முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டினேன். உண்மையான பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் எழும், சாம்பல் விரல் பட்டதும் பொடியாகிவிடும். என் நூலோ உருகிச் சுருண்டு, கடுகளவு கருமணியாக இறுகிப்போனது; நகத்தால் நசுக்கியும் உடையவில்லை. முழுக்கப் பாலியெஸ்டர். பட்டு தன் எடையில் சுமார் 11 விழுக்காடும், பருத்தி சுமார் 8 விழுக்காடும் காற்றின் ஈரத்தை இயல்பாக ஏற்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. வியர்வையை வாங்கிக்கொள்ளாத துணியைச் சுற்றிக்கொண்டு, 33 பாகை வெப்பத்தில் தீயின் முன்னால் உட்கார்ந்திருந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்?

அதன்பிறகு காலை முகூர்த்தம் என்றால் செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி போன்ற பருத்திச் சேலைதான் உடுத்துகிறேன். காஞ்சிபுரம் பட்டு உண்மையானதாகவே இருந்தாலும், சரிகை மிகுந்தால் எடை ஒரு கிலோவை நெருங்கிவிடும். அது மணப்பெண்ணுக்குச் சரி, விருந்தாளிக்குத் தேவையில்லை. பருத்தி உடுத்தினால் கல்யாண வீட்டாரை மதிக்காததாகும் என்று என் அத்தை இன்றும் சொல்கிறார். கஞ்சி போட்டுத் தேய்த்த கண்டாங்கியும் தலை நிறைய மல்லிகையும் எந்தச் சபைக்கும் குறைவானவை அல்ல என்பதே என் உறுதியான எண்ணம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: சேலை எதுவாக இருந்தாலும் உள்பாவாடையும் ரவிக்கையின் உள்துணியும் பருத்தியாக இருக்க வேண்டும். சேலையைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இரண்டில்தான் ஏமாறுகிறார்கள்.

மறுமொழி: கோலாலம்பூர் உறுப்பினர்

ஆண்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பிரிக்பீல்ட்ஸில் அலுவலக நண்பரின் காலைத் திருமணத்திற்குக் கோட்டும் டையுமாகச் சென்று, பந்தியில் வாழையிலை முன் உட்கார்ந்தபோது நெற்றி வியர்வை ரசத்தில் சொட்டாமல் இருக்க ஒரு கையால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டேன். இப்போது காலையில் பருத்தி வேட்டியும் அரைக்கைச் சட்டையும், மாலை விருந்துக்கு முழுக்கை பாத்தேக் (மெழுகும் சாயமும் கொண்டு பூவேலை செய்யும் துணி) சட்டையும் என்று வைத்துக்கொண்டேன். மலேசியாவில் பாத்தேக் முழுக்கைச் சட்டை எந்த விருந்துக்கும் ஏற்ற உடை. அதிலும் பருத்தியில் அச்சிட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி: பட்டர்வொர்த் உறுப்பினர்

என் சீனத் தோழி முதன்முதலாக நம் வீட்டுத் திருமணத்திற்கு வந்தபோது, என்ன உடுத்துவது என்று முன்கூட்டியே கேட்டாள். கறுப்பு வேண்டாம், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், செருப்பைக் கோயில் வாசலிலேயே கழற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வழக்கத்திலும் திருமணத்திற்குக் கறுப்பு ஆகாது என்பதால் உடனே புரிந்துகொண்டு, வெளிர்மஞ்சள் பருத்தியில் பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் அணியும் தளர்வான நீளச் சட்டையும் பாவாடையும்) அணிந்து வந்தாள். ஆனால் வெயிலில் காய்ந்த வெளிப்பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாதம் சிவந்து போய் நிழலுக்கு நிழல் ஓடினாள். இப்போது கோயில் திருமணத்திற்கு அழைக்கும் நண்பர்களிடம், கைப்பையில் ஒரு சோடி பருத்திக் காலுறை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.