துவக்குக் குழலில திரும்பத் திரும்பக் கறள் வருது. அவசரம், ஆராவது சொல்லுங்கோ

மாங்குளத்துக்_காணி: வணக்கம். பழைய துவக்கு ஒண்டு மலிவா வாங்கினனான். குழல் முழுக்கக் கறள். எல்லாத்தையும் எடுத்து, துடைச்சு, எண்ணெய் பூசி வச்சா விடியப் பாக்கத் திரும்பவும் செம்மஞ்சளாப் பூத்துக் கிடக்கு. பிடிக் கட்டையும் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போச்சு. யாழ்ப்பாணத்தில வீட்டில வச்சே சரிப்படுத்தலாமோ? வயலுக்குப் பண்டி வாறதால காலபோக விதைப்புக்கு முந்தி வேணும்.

கோப்பாய்_அண்ணை: தம்பி, ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ? எத்தினை போர் (குழல் வாயின்ர அளவு)? லைசன்ஸ் உங்கட பேருக்கு வந்திட்டுதோ?

கரையோரம்: வீடு கடலுக்குக் கிட்டவோ? அப்ப உப்புக்காத்துத்தான், வேற ஒண்டுமில்லை. குருநகரில எங்கட வீட்டு யன்னல் கம்பியே நிக்கிறேல்லை. எண்ணெயை விட்டிட்டு கிறீஸ் தடிப்பாப் பூசுங்கோ.

பழையிரும்பு: இந்தக் கேள்வி இங்க எத்தினையோ தரம் வந்து போட்டுது. தேடிப் பாக்கப் பஞ்சி. படம் இல்லை, அளவு இல்லை, கறளை என்னத்தால எடுத்தது எண்டும் இல்லை. நாங்கள் என்ன சாத்திரமோ பாக்கிறது? முதல்ல குழலை மடிச்சுத் திறந்து, தோட்டா இல்லையெண்டு கண்ணாலயும் விரலாலயும் பாத்திட்டு வந்து எழுதும்.

சுன்னாகம்_கராஜ்: சாண்ட்பேப்பர் போட்டு வெள்ளையாக்கிப் போட்டு கறுப்பு எனாமல் அடியுங்கோ. பிறகு கறளே வராது.

கோப்பாய்_அண்ணை: எனாமல் வேண்டாம் தம்பி. பெயின்ற்றுக்குக் கீழ கறள் ஓடுறது வெளியில தெரியாது. சாண்ட்பேப்பர் அதைவிட மோசம். குழலில அடிச்சிருக்கிற சோதனை முத்திரை அழிஞ்சா, அது எந்தத் தோட்டாவுக்குச் செய்த குழல் எண்டு பிறகு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.

மாங்குளத்துக்_காணி: 12 போர், இரட்டைக் குழல். லைசன்ஸ் என்ர பேரில இருக்கு, கச்சேரியில மாத்தினது. தோட்டா இல்லை, பாத்திட்டன். கறள் எடுத்தது பாத்றூம் கழுவுற அசிட்டால.

கோப்பாய்_அண்ணை: அதுதான் காரணம். அந்த அசிட் ஐதரோகுளோரிக் அமிலம். கறளைத் தின்னும், ஆனா அதின்ர குளோரைட்டு இரும்பில இருக்கிற சின்னச் சின்னக் குழிக்குள்ள தங்கிவிடும். அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். மேல எவ்வளவு எண்ணெய் பூசினாலும் கீழ இருந்து கறள் கிளம்பும்.

கட்டையைக் கழட்டி வையுங்கோ. குழலைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, அப்பச்சோடாத் தண்ணியில ஊற விடுங்கோ. பிறகு வெறும் தண்ணியில அரை மணித்தியாலம் அவியுங்கோ. 30 அங்குலக் குழல் கிடாரத்துக்குள்ள அடங்காது. தகரப் பீலித் துண்டு ஒண்டை ரெண்டு பக்கமும் அடைச்சு, கல்லு மேல வச்சு, கீழ பொச்சுமட்டை எரிச்சாக் காணும். கிணத்துத் தண்ணி மட்டும் வேண்டாம். எங்கட சுண்ணாம்புக்கல் தண்ணி, கேத்தலுக்குள்ள படியிற மாதிரி வெள்ளையாப் படியும். மழைத்தண்ணி, இல்லாட்டி பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணி (அசிட் இல்லை) எடுங்கோ. அவியேக்க செங்கறள் கறுப்பா மாறும். அந்தக் கறுப்பு இரும்புக்குக் காவல், அதைச் சுரண்டிப்போடாதேங்கோ. மேல நிக்கிற தூளை மட்டும் 0000 எண்ட மிக மெல்லிசான ஸ்டீல் வூலால மெல்லமாத் தட்டி எடுத்து, சூடு ஆற முந்தி எண்ணெய் பூசுங்கோ.

இரட்டைக் குழல் எண்டதால இன்னொண்டு. ரெண்டு குழலையும் சேத்துப் பிடிக்கிற நடுப்பட்டி ஈயப்பத்துத்தான், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டினது. அவிக்கிற சூட்டுக்கு அது அசையாது. கறுப்புச் சாயம் ஏத்துறமெண்டு கோஸ்டிக் உப்புக்குள்ள போடுற ஆக்களிட்ட மட்டும் குடுத்திடாதேங்கோ, அது ஈயத்தை அரிச்சுப்போடும். அசிட்டும் தொட்டிருக்கலாம். குழலைக் கொக்கியில நூல் கட்டித் தொங்க விட்டு விரலால தட்டிப் பாருங்கோ. கணீரெண்டு கேட்டா நல்லது. மந்தமாக் கேட்டாப் பத்து விட்டிருக்கு.

பழையிரும்பு: குழியின்ர ஆழம் பாக்காமல் அவிச்சு என்ன பிரயோசனம்? உள்ளுக்கும் குழி விழுந்திருந்தா அது சுவரில மாட்டத்தான். பழைய குழலில தோட்டா இருக்கிற அறை 65 மில்லிமீற்றரா இருக்கும். இப்ப வாற 70 மில்லிமீற்றர்த் தோட்டா அதுக்குள்ள போகும், ஆனா வெடிக்கேக்க வாய் விரிய இடமில்லை, அமுக்கம் ஏறும். சுட முந்தி லைசன்ஸ் உள்ள துவக்குத் திருத்துற ஆளிட்டக் காட்டும். விசைப்பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

கரையோரம்: உப்புக்காத்தும் ஒரு காரணம் எண்டுதான் நான் இப்பவும் சொல்லுறன்.

வன்னிவிவசாயி: உதுக்கு ஏன் துவக்கு? ஒண்டைச் சுட்டா மற்றப் பண்டியள் அடுத்தவன்ர வயலுக்குப் போகும். வேலியை ஒழுங்கா அடையுங்கோ.

சுன்னாகம்_கராஜ்: வேலியோ? பண்டி மூஞ்சியால கிண்டிக்கொண்டு கீழால வரும். கரண்ட் கம்பி இழுத்தாத்தான் நிக்கும்.

வன்னிவிவசாயி: வீட்டு லைனில இருந்து வயலுக்குக் கம்பி இழுக்கிறது சட்டவிரோதம். பண்டிக்கு இழுத்த கம்பியில மனுசர் செத்திருக்கினம், யானையும் செத்திருக்கு. இதை இங்க ஆருக்கும் சொல்லிக் குடுக்காதேங்கோ.

சுன்னாகம்_கராஜ்: நெல்லுப் போனவனுக்குத்தான் வலி தெரியும்.

கோப்பாய்_அண்ணை: பண்டிக் கதைக்கு வேற இழை திறவுங்கோ. தம்பி, கட்டைக்கு வெண்கட்டித் தூளைக் குழைச்சுப் பூசி வெயிலில வையுங்கோ, ஊறின எண்ணெயை உறிஞ்சும். பிறகு லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசா. துடைச்ச சீலையைக் குவிச்சுப் போடாதேங்கோ, தானாப் பத்தும். விரிச்சுக் காயவிடுங்கோ.

மாங்குளத்துக்_காணி: அவிச்சாச்சு. கறுப்பா வந்திருக்கு, இதுவரைக்கும் கறள் இல்லை. நன்றி அண்ணை.

கோப்பாய்_அண்ணை: நல்லது. தட்டிப் பாத்தனீங்களோ? சத்தம் எப்பிடி?

பழையிரும்பு: அறை 65ஓ 70ஓ எண்டும் எழுதும்.